மரம் தாங்கிய யானைகளும் படிவம் பதினான்கும்

ஒரு காட்டில், மரம் வெட்டி விற்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அந்தக் கம்பெனியில் மூன்று தலைமுறையாக மரம் இழுத்துவந்தது ஒரு யானைக் குடும்பம். மலைமேல் மரம் வெட்டும் இடத்துக்குக் கூப்பு என்று பெயர். கீழே ஆற்றங்கரையில் மரங்களை அடுக்கும் இடத்துக்கு டிப்போ என்று பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம்.

குடும்பத்தில் மூன்று பேர். மூத்தவன் மருதாசலம். அவனுக்கு அடுத்தவள் பாவாத்தாள். கடைக்குட்டி சென்னியப்பன். கடைக்குட்டி என்றாலும் நான்கு டன் இருப்பான்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு பதினொரு வருடம் ஆகியிருந்தது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இருவரும் சேர்ந்து ஒரு தேக்கு மரத்தைத் தந்தத்தில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். பின்னால் பாவாத்தாள் ஒரு பலாப்பழத்தோடு வந்தாள். பாதி வழியில் மரம் கீழே விழுந்தது. தம்பியின் இடது தந்தம் முறிந்தது. அண்ணனின் முன்னங்கால் நகங்களில் இரண்டு நசுங்கிப் போயின. "நீதான் முதல்ல விட்டே" என்றான் அண்ணன். "நீதான் விட்டே" என்றான் தம்பி. அன்றைக்கு வாயை மூடியவர்கள்தான்.

ஆனால் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே ஆற்றில் குளியல். பேசாமல் எப்படி முடியும்? அதற்குத்தான் பாவாத்தாள் இருந்தாள்.

இருவரும் எட்டடி தூரத்தில் நிற்பார்கள். மருதாசலம் தங்கையைப் பார்த்து, "அந்த ஒத்தைக் கொம்பனை நகர்ந்து நின்னு குளிக்கச் சொல்லு. சேறு என் மேல தெறிக்குது" என்பான்.

பாவாத்தாள் தம்பியிடம், "அண்ணன் உன்னைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுதுடா, தண்ணி அங்கதான் தெளிவா இருக்காம்" என்பாள்.

"சேத்துல பொறந்தவனுக்குச் சேறு தெறிச்சா என்னவாம்னு கேளு."

"தம்பி இதோ நகர்ந்துக்கிறேங்கிறான், அண்ணா."

அண்ணன் சொன்னது தம்பிக்குக் கேட்கும். தம்பி சொன்னது அண்ணனுக்கும் கேட்கும். யானைக் காது ஆயிற்றே. இருந்தாலும் பாவாத்தாள் சொன்னதைத்தான் இருவரும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். குடும்பம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். மேனேஜர் ஒரு நரி. எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, "எழுதிக் கொடுங்க" என்பார். அவர் வந்த முதல் மாதத்திலேயே பதிமூன்று படிவங்களைக் கொண்டுவந்தார். விலங்குகள் பொறுத்துக்கொண்டன. பதினான்காவது படிவம்தான் வினையாகப் போயிற்று.

படிவம் பதினான்கு, ஆண் யானைகளுக்கான மத விடுப்பு விண்ணப்பம். மதம் பிடிப்பதற்கு மூன்று நாள் முன்னதாக, மூன்று பிரதிகளில் கொடுக்க வேண்டும். மதம் பிடிக்கப்போகும் தேதி, நேரம், எத்தனை நாள் நீடிக்கும், அந்த நாட்களில் யார் யாரை மிதிக்க உத்தேசம், மிதிபடுபவரின் சம்மதக் கையொப்பம் என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள்.

படிவம் வந்த இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில், வேலைக்கு நடுவே சென்னியப்பனுக்கு மதம் பிடித்தது. படிவம் கொடுக்காததால் அவன் வேலைக்கு வரவில்லை என்று எழுதினார்கள். விளக்கம் கேட்டு மெமோ போனது. மெமோவைக் கொண்டுபோன கழுதை ஆற்றுக்கு அக்கரையில் போய் விழுந்தது. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் நீந்தித் திரும்பியதில் மெமோ நனைந்துவிட்டது. அலுவலக ஆவணத்தை நனைத்த குற்றத்துக்காகச் சென்னியப்பனைச் சஸ்பெண்ட் செய்தார் மேனேஜர்.

அடுத்த நாளே வேலைநிறுத்தம். தொழிற்சங்கத் தலைவர் வெள்ளைக்காலன் என்ற காட்டெருமை. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருப்பதால் அந்தப் பெயர். அவர் டிப்போ வாசலில், மலைப்பாதை வந்து முடியும் இடத்தில், ஒரு சாமியானாவைக் கட்டி மைக் பிடித்தார்.

"தோழர்களே! எழுதிக் கொடுத்துவிட்டு எவனுக்காவது மதம் பிடிக்குமா? இன்றைக்கு யானையின் மதம். நாளைக்கு எருமையின் அரிப்பு. நாளை மறுநாள் குரங்கின் தும்மல். எல்லாவற்றுக்கும் படிவம் வரும்! படிவம் பதினான்கைத் திரும்பப் பெறும் வரை ஒரு குச்சிகூட நகராது!"

நாற்பது எருமைகள், பதினாறு கழுதைகள், மரம் வெட்டும் கரடிகள் எல்லாம் சாமியானாவில் உட்கார்ந்தன. பாவாத்தாளும் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். நடுவில் மதம் தணிந்து, மாலையோடு சென்னியப்பன். மாலையில் பாதியை அவனே தின்றுவிட்டான்.

மருதாசலம் மட்டும் வரவில்லை. காலை ஏழு மணிக்குச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு சாமியானாவைத் தாண்டி நடந்தான்.

வெள்ளைக்காலன் ஓடிப்போய் வழிமறித்தார். "தோழர் மருதாசலம், இது உங்களுக்கும் சேர்த்துத்தாங்க. உங்களுக்கும் வருஷா வருஷம் மதம் பிடிக்குதில்ல?"

"பிடிக்குது."

"அப்ப அந்தப் படிவம் உங்களுக்கும் அநியாயந்தானே?"

"அநியாயந்தான். படிச்சுப் பார்த்தேன். கேவலமா இருக்குது."

"அப்புறம் ஏனுங்க வேலைக்குப் போறீங்க?"

"இதே ஸ்டிரைக்கை ஒரு கழுதைக்காக நடத்தியிருந்தீங்கன்னா முதல் ஆளா வந்து உக்காந்திருப்பேன். அவனுக்காக நடக்கிற ஸ்டிரைக்ல எனக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு மருதாசலம் மலையேறிப் போனான்.

அவனை யார் தடுப்பது? வெள்ளைக்காலன் தன் உடம்பையும் அவன் உடம்பையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "கருங்காலி ஒழிக!" என்று கோஷம் போட்டார். மருதாசலம் மலையில் இரண்டாவது வளைவைத் தாண்டிய பிறகு போட்டார்.

நாட்கள் போயின. மருதாசலத்துக்கு ஊர்விலக்கு மாதிரி ஆகிவிட்டது. முதுகில் உண்ணி பொறுக்கும் கொக்குகள் அவனிடம் வருவதை நிறுத்திக்கொண்டன. முள்ளம்பன்றியின் டீக்கடையில் அவன் வாளியை நீட்டினால், "பால் தீர்ந்துபோச்சு" என்ற பதில் வந்தது. அவன் எதற்கும் அசையவில்லை. சின்ன மரங்களைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்து டிப்போவில் போட்டான். நரி மேனேஜர் அவனுக்கு 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். அதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆற்றில் குளிக்கும்போது மருதாசலம் தங்கையிடம் சொன்னான். "மாலை போட்டுக்கிட்டு உக்காந்தா தலைவனாயிட்டதா நினைப்போன்னு கேளு. அன்னைக்கு மரத்தை விட்டவன்தானே, இந்த ஸ்டிரைக்கையும் பாதியில விடுவான்னு சொல்லு."

சென்னியப்பன் சொன்னான். "அக்கா, அந்தக் கருங்காலிகிட்ட சொல்லு. நான் செத்தாலும் சரி, அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

பாவாத்தாள் கரையேறினாள். உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறினாள்.

"என்ன, சொல்லலையா?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"நானும் ஸ்டிரைக். பதினொரு வருஷமா ஒருத்தன் பேசுறதைக் கழுவித் துடைச்சு இன்னொருத்தன்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை உண்டா? இனிமே சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிக்கங்க."

"கோரிக்கை என்ன?" என்று கேட்டார் தற்செயலாக அங்கே தண்ணீர் குடிக்க வந்த வெள்ளைக்காலன். பழக்கதோஷம்.

"ஒண்ணுமில்லை. இது காலவரையற்றது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஆற்றில் அண்ணனும் தம்பியும் முதுகைக் காட்டிக்கொண்டு மௌனமாகக் குளித்தார்கள். திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் இருவருக்கும் இரண்டே நாளில் முகம் வாடிப்போயிற்று.

எட்டாம் நாள் மேனேஜருக்கு அவசரம் வந்தது. கூப்பில் ஒரு ஈட்டி மரம் வெட்டிக் கிடந்தது. நாலு ஆள் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். ஆற்றில் வெள்ளம் வடிவதற்குள் அதைக் கீழே இறக்கி மிதக்கவிட வேண்டும். அப்படிப்பட்ட மரத்தை இறக்க எப்போதும் இரண்டு யானைகள் வேண்டும்.

"ஒரு ஆளா முடியாதுல்ல?" என்று கேட்டார் மேனேஜர். "உங்க தம்பியோட சஸ்பென்ஷனை வேணும்னா ரெண்டு மணி நேரத்துக்கு நிறுத்தி வைக்கட்டுமா?"

இந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. "அவன் எதுக்கு? நான் ஒருத்தனே இறக்குவேன்" என்றான் மருதாசலம்.

மறுநாள் காலையில் மரத்தின் ஒரு முனையில் சங்கிலியைக் கட்டி, அதை ஒவ்வொரு சரிவிலும் மேலே ஒரு அடிமரத்தில் சுற்றினான். பிறகு மரத்துக்குக் கீழே வந்து நின்று, நெற்றியால் முட்டுக் கொடுத்து, பின்னால் அடி மேல் அடி வைத்து இறக்க ஆரம்பித்தான். மேனேஜர் மேலே நின்று மேற்பார்வை செய்தார். முக்கால் வழி நன்றாகத்தான் வந்தது. சாமியானாவுக்கு நேர் மேலே கடைசிச் சரிவில், சங்கிலி சுற்றியிருந்த அடிமரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஈட்டி மரம் ஒரு திரும்பு திரும்பிப் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. அதன் ஒரு முனை மருதாசலத்தின் நெற்றியில் நின்றது. இன்னொரு முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவத் தொடங்கியது.

அவன் விட்டால் மரம் அவனையும் இழுத்துக்கொண்டு சாமியானா மேல் போய் விழும். விடாவிட்டால் நழுவும் முனை சுழன்று அவனைப் பள்ளத்தில் தள்ளும். கண்ணுக்கெட்டிய வரை மூன்றாவது வழி எதுவும் தெரியவில்லை.

கீழே ஒரே களேபரம். கரடிகள் எழுந்து ஓடப் பார்த்தன. "யாரும் எழுந்திருக்கக் கூடாது! எழுந்தால் போராட்டம் முடிந்ததாக நிர்வாகம் எழுதிக்கொள்ளும்! முதலில் தீர்மானம் போடுவோம்!" என்றார் வெள்ளைக்காலன். முன்மொழிய ஆள் கிடைத்தது. வழிமொழிய வேண்டியவர் அதற்குள் ஓடிவிட்டார்.

மருதாசலம் மேலிருந்து கத்தினான். "பாவாத்தா! அவனை வரச் சொல்லு!"

பாவாத்தாள் எழுந்து இரண்டடி ஓடி வந்தாள். ஆனாலும் அந்தக் குடும்பத்தில் பிறந்தவள்தானே அவளும். "நான் ஸ்டிரைக்ல இருக்கேன் அண்ணா! நீயே கூப்பிடு!"

மரம் இன்னொரு முழம் நழுவியது.

"டேய்..." என்றான் மருதாசலம். தொண்டையைச் செருமிக்கொண்டான். "டேய் சென்னியப்பா!"

பதினொரு வருடத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து தன் பெயர் வந்ததைக் கேட்டதும் சென்னியப்பன் மாலையைக் கழற்றிவிட்டு எழுந்தான். வெள்ளைக்காலன் குறுக்கே வந்து, "தோழர், சாமியானாவைத் தாண்டினால் நீங்களும் கருங்காலி. அவசரக் குழுவைக் கூட்டி அனுமதி..." என்று ஆரம்பித்தார். மீதியை அவர் ஒரு புதருக்குள் இருந்து சொன்னார். சென்னியப்பன் அவரைத் தும்பிக்கையால் மெதுவாகத்தான் ஓரம் வைத்தான்.

மூச்சிரைக்க மேலே ஏறி, நழுவிய முனைக்குக் கீழே போய் நெற்றியைக் கொடுத்தான். மரம் நின்றது. அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில், முகத்தில் மண் ஒழுக, நான்கு கால்களையும் ஊன்றி நின்றார்கள்.

பிறகு தம்பி சொன்னான். "இந்தத் தடவையாவது விடாம பிடி."

"யாரு, நானா? அன்னைக்கு விட்டது நீ."

"நீ."

"நீ."

"சரி. இன்னைக்கு யார் முதல்ல விடுறாங்களோ, அன்னைக்கும் அவங்கதான் விட்டதுன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்" என்றான் அண்ணன். இருவரும் கால்களை இன்னும் ஆழமாக ஊன்றிக்கொண்டார்கள்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. மேனேஜர் மரத்துக்கு மேல் பக்கம் மாட்டிக்கொண்டார். அவருடைய டிபன் கேரியர் கீழே ஆபீசில் இருந்தது. அன்றைக்கு நண்டு வறுவல். மரத்துக்கு மேலே தலையை நீட்டி, "மருதாசலம், கொஞ்சம் இறக்கி ஓரமா வச்சிடுங்களேன். நான் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

"அவன் முதல்ல வைக்கட்டுங்க. நான் வைக்கிறேன்."

மேனேஜர் மேலேயே தம்பியின் முனைப் பக்கம் நகர்ந்து, "சென்னியப்பன், இறக்கி வையுங்க. இது உத்தரவு" என்றார்.

"நான் சஸ்பென்ஷன்ல இருக்கேனுங்க. நீங்க எனக்கு உத்தரவு போட முடியாது."

மேனேஜர் யோசித்தார். விதிப்படி அது சரிதான். உடனே ஒரு தாளை எடுத்து, சஸ்பென்ஷனை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். "இப்ப வையுங்க."

"இப்ப ஊழியன் ஆயிட்டேனா? அப்ப நானும் ஸ்டிரைக்ல இருக்கேனுங்க. ஸ்டிரைக்ல இருக்கிறவன் மரத்தைத் தொட்டு இறக்கக் கூடாது. தாங்கலாம். அது வேலையில சேராது."

மேனேஜருக்குப் பசி காதை அடைத்தது. மூன்று மணிக்கு அவர் உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு, மடியில் வைத்திருந்த படிவக் கட்டைப் பிரித்து, படிவம் பதினான்கைத் திரும்பப் பெறுவதாக மூன்று பிரதிகளில் எழுதிக் கீழே வீசினார். வெள்ளைக்காலன் அதைப் படித்துக் காட்டினார். நாற்பது எருமைகளும் பதினாறு கழுதைகளும் போட்ட சத்தத்தில் சாமியானா ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஸ்டிரைக் முடிஞ்சுது! இப்பவாவது வைப்பா!" என்று கெஞ்சினார் மேனேஜர்.

"இப்ப எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க" என்றான் சென்னியப்பன். "ஆனா அவன் முதல்ல வைக்கட்டும்."

பாவாத்தாளுக்கு அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எருமைகளைக் கூட்டிக்கொண்டு பாறைத் துண்டுகளை உருட்டி வந்தாள். மரத்துக்கு அடியில் இரண்டு முனைகளிலும் சத்தமில்லாமல் முட்டுக் கொடுத்தாள். ஆறு கற்கள் வைத்ததும் மரம் கற்களின் மேல் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அண்ணனும் தம்பியும் வேர்க்க விறுவிறுக்க அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சு மும்முரத்தில் பாரம் குறைந்தது இருவருக்கும் தெரியவில்லை.

"எனக்கு நல்லா நினைவிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான் மருதாசலம். "நீ 'விடு'ன்னு கத்தினே. நீ விடச் சொல்றேன்னு நினைச்சு நான் விட்டேன்."

"நான் எங்கே கத்தினேன்? 'விடு'ன்னு கத்தினது நீ. அண்ணன் சொல்லுதேன்னு நானும் விட்டேன்."

"நான் வாயையே திறக்கலையே."

"நானும்தான்."

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் அன்றைக்கு மூன்றே பேர்தான் இருந்தார்கள். இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின. மரத்தடியில் ஏழாவது கல்லை வைத்துக்கொண்டிருந்த பாவாத்தாள் அப்படியே நின்றாள்.

"அது வந்து..." என்றாள். "என் பலாப்பழத்தை ஒரு குரங்கு பிடிச்சு இழுத்துச்சு. அதுகிட்டதான் 'விடு'ன்னேன்."

"பதினொரு வருஷமா ஏன் சொல்லலை?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன்டா. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திட்ட ஆரம்பிச்சிட்டீங்க. அடுத்த நாள் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த நாள் பயமா இருந்துச்சு. அப்புறம் ஒரு மாசம் ஆச்சு. ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா ஏன் ஒரு மாசம் சொல்லலைன்னு கேப்பீங்களே." ஏழாவது கல்லை அவள் மெல்ல உருட்டி வைத்தாள். "அதனாலதான் நீங்க சொன்னதை எல்லாம் அலுக்காம சுமந்தேன். என்னால முடிஞ்சது அதுதான்."

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி அண்ணனைப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் நெற்றியை எடுத்தார்கள். மரம் நகரவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

"பசிக்குதா?" என்றான் மருதாசலம்.

"காலையிலிருந்து மாலைப் பூ மட்டுந்தான் சாப்பிட்டிருக்கேன்" என்றான் சென்னியப்பன்.

இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு மூங்கில் காட்டுக்குள் போனார்கள். போகும் வழியெல்லாம் பாவாத்தாளைத் திட்டிக்கொண்டே போனார்கள். ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் தொடர்ந்தான். ஒருவனுக்கு வார்த்தை கிடைக்காதபோது இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான். அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

பாவாத்தாள் ஆற்றில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். திட்டுகள் தூரத்திலிருந்து தெளிவாகக் கேட்டன. அவற்றை யாரிடமும் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாமே அவளுக்கு வந்தவைதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நன்றாகக் குளித்தாள்.

மேனேஜர் நரி மரத்தின் மேல் ஏறி, சறுக்கி, ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தபோது மணி ஆறு. நண்டு வறுவலைக் காணவில்லை. வெற்றிக் கொண்டாட்டத்தில் சங்கம் அதைச் சாப்பிட்டுவிட்டிருந்தது. காணாமல் போன உணவுக்கு என்ன படிவம் என்று அவர் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு படிவம் இன்னும் போடப்படவில்லை.

நீதி: செய்த தப்பை உடனே ஒத்துக்கொண்டால் ஒரு நாள் திட்டு விழும், அதோடு சரி. பதினொரு வருடம் பொறுத்து ஒத்துக்கொண்டால் வேலைநிறுத்தமே வெற்றி பெறும்.